சுடவில்லை, காட்டினேன்

2020 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகர மேயர் லைடா க்ரூசனின் வீட்டை நோக்கி ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்த கொந்தளிப்பான நேரம். ஊர்வலத்தினர் குறுக்கு வழியாக, அங்கு குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரிய தனியார் தெரு ஒன்றின் வாசலுக்குள் நுழைந்தார்கள். அந்தத் தெருவின் மாளிகை ஒன்றிலிருந்து ஒரு தம்பதி வெளியே வந்தார்கள். கணவர் மார்க் மெக்ளோஸ்கி கையில் நீளத் துப்பாக்கி, மனைவி பாட்ரிஷியா கையில் சிறிய கைத்துப்பாக்கி. இருவருமே வழக்கறிஞர்கள். வெறுங்காலோடு நின்று, கூட்டத்தைப் பார்த்து ஆயுதத்தை நீட்டினார்கள். யாரும் சுடவில்லை, யாருக்கும் காயமில்லை. சில நிமிடங்களில் கூட்டம் தன் வழியே போய்விட்டது.

ஒரு குண்டுகூட வெடிக்காத இந்தச் சம்பவத்தின் படம்தான் உலகம் முழுக்கச் சுற்றியது. வீட்டைக் காத்துக்கொண்டவர்கள் என்று பாதி நாடு பாராட்டியது. அமைதியாகப் போன மக்களை மிரட்டியவர்கள் என்று மறுபாதி திட்டியது. அரசு வழக்கறிஞர் கிம் கார்ட்னர் பெருங்குற்ற வழக்கே போட்டுவிட்டார். கோபமாகவோ மிரட்டும் விதமாகவோ மற்றவர் முன்னிலையில் ஆயுதத்தைக் காட்டுவது மிசௌரியில் குற்றம். ஆனால் தற்காப்புக்காகக் காட்டினால் அது குற்றமில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தற்காப்பு என்றவுடன் நமக்குச் சுடுவதுதான் நினைவுக்கு வருகிறது. சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. உண்மையில் அமெரிக்காவில் தற்காப்புக்காகத் துப்பாக்கியை எடுத்ததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் சுட்டதே இல்லை. 2021இல் நடந்த தேசிய அளவிலான ஒரு கணக்கெடுப்பில், அப்படிச் சொன்ன சம்பவங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் ஒரு குண்டும் வெடிக்காதவை. காட்டினார்கள், அல்லது ‘என்னிடம் துப்பாக்கி இருக்கிறது’ என்றார்கள், எதிராளி விலகிப் போனார். ஆண்டுக்கு எத்தனை முறை இப்படி நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் தீராத சண்டை. 1995இல் கேரி க்ளெக், மார்க் கெர்ட்ஸ் இருவரும் 25 லட்சம் என்றார்கள். அரசின் குற்ற பாதிப்புக் கணக்கெடுப்பு சொல்லும் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக்கூட எட்டுவதில்லை. எண்ணிக்கை எதுவானாலும் சுடுவதைவிடக் காட்டுவதுதான் அதிகம் என்பதில் தகராறில்லை. அப்படியிருக்க, சுட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்தில் அத்தியாயம் அத்தியாயமாக விளக்கம் இருக்கிறது. காட்டினால் என்ன ஆகும் என்பது பல மாநிலங்களில் இன்னமும் புகைமூட்டம்தான்.

முதலில், காட்டுவது ஏன் குற்றமாகிறது என்று பார்த்துவிடுவோம். அடித்தால்தான் தாக்குதல் என்பது நம் பொதுப் புத்தி. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பொதுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இதோ இப்போதே அடி விழப்போகிறது என்ற நியாயமான அச்சத்தை ஒருவர் மனதில் வேண்டுமென்றே உண்டாக்கினாலே அது தாக்குதல். 1669இல் லண்டனில் ஒரு வழக்கு. ஒருவர் வாளின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, நீதிபதிகள் இப்போது ஊரில் இருக்கிறார்கள், இல்லையென்றால் உன் பேச்சைப் பொறுத்துக்கொண்டிருக்கமாட்டேன் என்கிற மாதிரி சொன்னார். இது தாக்குதல் ஆகாது என்றது நீதிமன்றம். கை வாளில் இருந்தாலும், இப்போது அடிக்கமாட்டேன் என்று அவர் வாயே சொல்லிவிட்டதே! கை செய்வதையும் வாய் சொல்வதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்ற அந்தப் பாடம் இன்றைய வாகன நிறுத்துமிடச் சண்டைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இன்றைய சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் தற்காப்புக்கு அல்லாமல், முரட்டுத்தனமாகவோ கோபமாகவோ மிரட்டும் விதமாகவோ இன்னொருவர் முன்னால் துப்பாக்கியை எடுத்தால் குற்றம். தோட்டா இருந்ததா இல்லையா என்பது கணக்கே இல்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அப்படிக் காட்டியதற்குச் சிறை விதித்தால் அது குறைந்தது மூன்று மாதம் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. சாலையில் இன்னொரு வண்டியில் இருப்பவரைப் பயமுறுத்தும்படி காட்டினால் அதற்குத் தனிப் பிரிவு, அது பெருங்குற்றம். டெக்சாஸில் ஒரே செயல் மூன்று வேறு குற்றங்களாக மாறக்கூடும். பொது இடத்தில் பிறர் பதறும்படி ஆயுதத்தைக் காட்டினால் ஒழுங்கீன நடத்தை, ஒருவரை நோக்கி நீட்டினால் உயிருக்கு ஆபத்தான நடத்தை, மிரட்டலோடு சேர்த்துக் காட்டினால் ஆயுதத் தாக்குதல். கடைசியாகச் சொன்னதற்கு 2 முதல் 20 ஆண்டு வரை சிறை. எது என்று முதலில் முடிவுசெய்பவர் சம்பவ இடத்துக்கு வரும் போலீஸ்காரர். பிறகு, அன்று வழக்குக் கோப்பைக் கையில் எடுக்கும் அரசு வழக்கறிஞர்.

துப்பாக்கியை உருவி நீட்ட வேண்டும் என்றுகூட இல்லை. வாக்குவாதத்தின் நடுவே சட்டையின் ஓரத்தைத் தூக்கி, இடுப்பில் செருகியிருக்கும் பிடியைக் காட்டுவது போதும். உறையின் மேல் கையை வைப்பதும் போதும்தான். ‘என்னிடம் தோட்டாவே இல்லை, சும்மா பூச்சாண்டி காட்டினேன்’ என்பது பெரும்பாலான இடங்களில் எடுபடாது. எதிரில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இனி தற்காப்புப் பக்கம். ஹியூஸ்டனில் ஒரு பெட்ரோல் பங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணி. நீங்கள் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த பம்பில் நிற்கும் ஆள், உங்கள் வண்டி வழியை மறிக்கிறது என்று கத்துகிறார். கெட்ட வார்த்தை பேசுகிறார், உங்கள் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறார். உங்களிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது. எடுக்கலாமா? கூடாது. வாய் வார்த்தைக்குப் பதிலாகப் பலத்தைப் பயன்படுத்த முடியாது என்று டெக்சாஸ் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. எவ்வளவு கேவலமான வார்த்தையானாலும் அது வார்த்தைதான். சரி, அவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு உங்களை நோக்கி வருகிறார். இப்போது தடுக்கலாம், தள்ளலாம். கைக்குக் கை. துப்பாக்கி? இங்கேதான் தர்க்கம் சிக்கலாகிறது. வருகிறவர் கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி இருந்தால் விடை மாறும். வருபவர் மூன்று பேர் என்றாலும் மாறும். நீங்கள் எழுபது வயதுக்காரர், அவர் இருபத்தைந்து என்றாலும் மாறும். நடுவில் அவர் நின்று, திரும்பித் தன் வண்டியை நோக்கி நடந்துவிட்டார் என்றால் எல்லாமே தலைகீழ். அவர் முதுகைப் பார்த்து நீங்கள் துப்பாக்கியை உருவிய கணத்தில் தற்காப்பு முடிந்துபோய்விட்டது. மிரட்டுகிறவர் இப்போது நீங்கள்.

சண்டையை ஆரம்பித்தவருக்குத் தற்காப்பு உரிமை பெரும்பாலும் கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலில் வம்புக்கு இழுத்தது நீங்கள் என்றால், பிறகு அவர் கம்பியைத் தூக்கினார் என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது. எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னாலும் போதாது. அதே இடத்தில், அதே நேரத்தில் நிதானமுள்ள ஒரு சாதாரண மனிதர் இருந்திருந்தால் அவரும் பயந்திருப்பாரா என்றுதான் ஜூரி கேட்கும். ஆபத்து இப்போது, இந்த நொடியில் இருக்க வேண்டும். நேற்று மிரட்டினான் என்பதும் நாளைக்கு வருவான் என்பதும் அதில் சேராது.

இத்தனையும் தேறினாலும், இந்த விவகாரத்தின் உண்மையான முடிச்சு இன்னும் அவிழவில்லை. துப்பாக்கியைக் காட்டுவதை எந்தத் தராசில் நிறுப்பது? சுடுவதற்குச் சமமாக வைப்பதா, பிடித்துத் தள்ளுவதற்குச் சமமாக வைப்பதா? உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தைப் பயன்படுத்த வேண்டுமானால், உங்கள் உயிருக்கோ உடலுக்கோ பெரும் கேடு வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். சாதாரண பலத்துக்குச் சட்டவிரோதமாக உங்கள் மேல் கை விழப்போகிறது என்பதே போதும். காட்டுவதை முதல் தட்டில் வைத்தால் ஒரு விசித்திரம் நேர்கிறது. சுடலாம் என்கிற நிலை வரும்வரை காட்டவும் கூடாது. அப்படியென்றால் சுடாமல் தப்பிக்கும் வழியையே சட்டம் அடைக்கிறது.

அமெரிக்கச் சட்டக் கழகம் 1962இல் ஒரு மாதிரிக் குற்றச் சட்டத் தொகுப்பை வெளியிட்டது. மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற வகையில் எழுதப்பட்டது அது. இந்த முடிச்சை ஒரே வாக்கியத்தில் அவிழ்த்தது. தேவைப்பட்டால் சுடுவேன் என்ற அச்சத்தை உண்டாக்குவது மட்டுமே நோக்கமாக இருந்தால், ஆயுதத்தை எடுத்துக் காட்டி மிரட்டுவது உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தியதாகாது என்றது. டெக்சாஸ் இதைக் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டது. துப்பாக்கி விஷயத்தில் டெக்சாஸுக்கு நேர் எதிர்த் துருவமான நியூ ஜெர்சியிலும் அதே வாசகம் இருக்கிறது. அரசியலில் எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு மாநிலங்கள் இதில் மட்டும் ஒத்துப்போவது சும்மா அல்ல. என் கணிப்பில் இந்தக் கோடுதான் சரியான கோடு. காட்டியவர் தப்பு செய்திருந்தால் தண்டிக்க வேறு பிரிவுகள் தாராளமாக இருக்கின்றன. கொல்லாமல் நிறுத்தியவரைக் கொன்றவரின் தராசில் நிறுத்துவது நியாயமாகப் படவில்லை.

இந்தத் தராசு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்டில் 2017இல் நடந்தது நல்ல சாட்சி. உறவுக்காரர் வீட்டு வாசலில் இரண்டு பெண்களுக்குள் தகராறு. ஒருவர் தன் காரால் என் வண்டியை இடித்தார், அப்போது உள்ளே என் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது என்றார் மற்றவர். அவர் காருக்குள் உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து நீட்டினார். அதில் தோட்டா இல்லை. எதிர்த் தரப்புப் பெண் முந்திக்கொண்டு போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். துப்பாக்கியை நீட்டிய பெண்ணுக்கு 2018இல் இரண்டு ஆண்டு கட்டாயச் சிறை. அப்போது அவர் கர்ப்பிணி, சிறையில் இருக்கும்போதுதான் பிள்ளை பிறந்தது. 2019இல் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஜூரிக்கு விசாரணை நீதிபதி கொடுத்த விளக்கம் தவறு, காட்டியதை உயிர்பறிக்கும் பலமாகக் கருதி அளக்கச் சொல்லிவிட்டார், சாதாரண பலத்துக்கான அளவுகோலைத் தந்திருக்க வேண்டும் என்பது காரணம். ஓர் அளவுகோல் மாறியதில் ஒரு குடும்பத்தின் இரண்டு வருடம்.

அரிசோனா இந்தக் குழப்பமே வேண்டாம் என்று 2009இல் தனிச் சட்டமே போட்டது. தற்காப்புக் காட்சி என்று அதற்குப் பெயர். எதிராளியின் சட்டவிரோதத் தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ளப் பலம் உடனடியாகத் தேவை என்று நிதானமுள்ள ஒருவர் நம்பக்கூடிய சூழ்நிலையில், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லலாம், நியாயமாகப் புரிந்துகொள்ளும்படி அதை வெளிக்காட்டலாம், அதன் மேல் கையை வைக்கலாம். வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. காட்டிவிட்டுத்தான் சுட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மினசோட்டா நேரெதிர்த் திசையில் போயிருக்கிறது. 2021இல் மினியாபொலிஸ் நகர ரயில் நிலைய நடைமேடையில் ஒருவர் கத்தியைக் காட்டி, கேமரா இல்லாத இடத்துக்கு வா என்று இன்னொருவரைக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர் தன்னிடமிருந்த பட்டாக்கத்தியை உருவி, எதிரிலிருந்தவர்களை விரட்டினார். யாரையும் வெட்டவில்லை. ஆனாலும் தண்டனை. 2024 ஜூலை 31 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உயிர்பறிக்கும் ஆயுதத்தைக் காட்டி அச்சுறுத்துவதற்கு முன்பு, விலகிப்போக நியாயமான வழி இருந்தால் விலகித்தான் ஆக வேண்டும் என்றது தீர்ப்பு. கடுமையான மாற்றுக் கருத்தும் அதில் பதிவானது. கத்தியோடு நிற்பவனுக்கு முதுகைக் காட்டி ஓடு என்று ஒரு மனிதரிடம் சொல்வது எந்த ஊர் நடைமுறை என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கூட்டமான ரயில் நிலையத்தில் ஆளாளுக்கு ஆயுதத்தை உருவினால் சும்மா நிற்பவர் கதி என்ன? நீதிமன்றத்தின் கவலை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

முடிந்தால் விலகிப் போ என்ற கடமை பழைய ஆங்கிலச் சட்டத்தின் சொத்து. வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் அதற்கு விலக்கு உண்டு, சொந்த வீட்டை விட்டு எங்கே ஓடுவது? 2005இல் ஃப்ளோரிடா, வீட்டுக்கு வெளியிலும் விலகத் தேவையில்லை, நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் பல மாநிலங்கள் அதே வழியில் போயின. நியூ ஜெர்சி, நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்றவை இன்னமும் பழைய கடமையை வைத்திருக்கின்றன.

நின்ற இடத்தில் நிற்கலாம் என்ற அந்த ஃப்ளோரிடாவில்தான் மரிஸா அலெக்சாண்டர் வழக்கு நடந்தது. 2010 ஆகஸ்ட் 1, ஜாக்சன்வில் நகரம். அலெக்சாண்டருக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கைப்பேசியில் இருந்த குறுஞ்செய்திகளைப் பார்த்துக் கணவர் சண்டை பிடித்தார். முன்பும் அடித்தவர் அவர். அலெக்சாண்டர் கார் நிறுத்தும் கொட்டகைக்கு ஓடினார். வெளிக்கதவு திறக்கவில்லை என்றார் பிறகு. காரிலிருந்து, உரிமம் பெற்ற தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சமையலறை வழியாகத் திரும்ப வீட்டுக்குள் வந்தார். கணவர் அங்கேயே நின்றார், கூடவே அவருடைய இரண்டு மகன்கள். அலெக்சாண்டர் சுவரை நோக்கி ஒருமுறை சுட்டார். கணவர் பிள்ளைகளோடு வெளியே ஓடிப்போய் 911 என்ற அவசர எண்ணுக்கு அழைத்தார். யாருக்கும் கீறல்கூட இல்லை.

மூன்று ஆண்டு சிறைக்கு ஒப்புக்கொண்டால் வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்றது அரசுத் தரப்பு. நான் குற்றம் செய்யவில்லை என்று மறுத்துவிட்டார். ஜூரி 12 நிமிடத்தில் குற்றவாளி என்றது. 2012 மே மாதத் தீர்ப்பு, 20 ஆண்டு. நீதிபதிக்குக் குறைக்கும் அதிகாரமே இல்லை. பத்து, இருபது, ஆயுள் என்ற படிநிலையில் ஃப்ளோரிடா 1999இல் போட்ட சட்டப்படி, குற்றத்தின்போது துப்பாக்கி வெடித்தால் குறைந்தது 20 ஆண்டு என்பது கட்டாயம். நிற்கலாம் என்ற சட்டம் ஏன் காப்பாற்றவில்லை? கொட்டகைக்குப் போனவர் ஆயுதத்தோடு திரும்பி வந்தார். பயந்தவர் ஏன் ஆபத்தை நோக்கியே நடந்து வர வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அந்த வீட்டில் வேறு எங்கே போவது என்பது அவர் கேள்வி. 2013இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. தற்காப்புதான் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிற மாதிரி ஜூரிக்கு விளக்கம் கொடுக்கப்பட்டிருந்தது, அது பிழை. மறு விசாரணையில் 60 ஆண்டுவரை கிடைக்கலாம் என்ற நிலையில், 2014இல் மூன்று ஆண்டுக்கு ஒப்புக்கொண்டு, 2015 ஜனவரியில் வெளியே வந்தார். முதலில் மறுத்த அதே மூன்று ஆண்டு.

இந்த வழக்கு சட்டத்தையே திருத்த வைத்தது. 2014இல் ஃப்ளோரிடா தன் தற்காப்புச் சட்டத்தில், பலத்தைப் பயன்படுத்துவது என்று இருந்த இடங்களில் பயன்படுத்துவதாக அச்சுறுத்துவது என்பதையும் சேர்த்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதுவரை சுட்டவருக்கு இருந்த பாதுகாப்பு, சுடுவேன் என்று காட்டியவருக்குத் தெளிவாக எழுதப்படவில்லை. 2016இல், ஆயுதத் தாக்குதல் குற்றத்தைக் கட்டாய தண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

எச்சரிக்கைக்காக வானத்தில் சுடுவது காட்டுவதைச் சேர்ந்ததில்லை என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். விசையை அழுத்திவிட்டால் பல மாநிலங்களில் அது உயிர்பறிக்கும் பலம்தான். குண்டு எங்கே போகும், யார் மேல் விழும் என்று சுட்டவருக்கே தெரியாது. அதோடு, குறி வைத்துச் சுடத் தேவையில்லாத நிலைமைதான் அது என்பதற்கு அவரே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். 2013இல் அப்போதைய துணை அதிபர் ஜோ பைடன், பிரச்சினை என்றால் பால்கனிக்கு வந்து ஷாட்கன்னால் இரண்டு முறை வெளியே சுடு என்று மனைவிக்குச் சொல்லியிருப்பதாகப் பேட்டியில் பெருமையாகச் சொன்னார். சில மாதம் கழித்து வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் தன் கார்களைக் குடைந்தவர்களை விரட்ட ஷாட்கன்னால் சுட்டுவிட்டு, பைடன் சொன்னதைத்தான் செய்தேன் என்றார். கைதுதான் மிச்சம்.

காருக்காகவும் கடைப் பொருளுக்காகவும் ஆயுதத்தை நீட்டுவது எப்போதுமே வலுவில்லாத வாதம். பெரும்பாலான மாநிலங்களில் சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் பலம் செல்லாது. இரவு நேரத் திருட்டுக்குச் சில நிபந்தனைகளோடு இடம்கொடுக்கும் டெக்சாஸ் விதிவிலக்கு.

வழக்கு என்று வந்துவிட்டால் யார் எதை நிரூபிக்க வேண்டும்? தற்காப்பு என்று ஓரளவு சான்றோடு சொன்னால் போதும், அது தற்காப்பு இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அரசுதான் நிரூபிக்க வேண்டும். நீண்ட காலம் இதற்கு ஒத்துவராமல் இருந்த ஒஹையோவும் 2019இல் மாறிவிட்டது. கேட்க இது சாதகமாகத் தோன்றும். ஆனால் தற்காப்பு என்று சொல்வதற்கு முன் நிபந்தனை, ஆமாம், நான்தான் காட்டினேன் என்று ஒப்புக்கொள்வது. நான் காட்டவே இல்லை, காட்டியிருந்தாலும் தற்காப்புக்குத்தான் என்று இரண்டு படகில் கால் வைத்தால் ஜூரி சிரித்துவிடும். சம்பவம் நடந்த பரபரப்பில் போலீஸிடம் சொல்லும் முதல் வாக்கியமே இதில் எந்தப் படகு என்று தீர்மானித்துவிடுகிறது.

அதனால்தான் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: முதலில் 911க்கு அழைப்பவராக நீங்கள் இருங்கள். டெட்ராய்டிலும் ஜாக்சன்விலிலும் முதலில் போலீஸிடம் பேசியது எதிர்த் தரப்பு. முதலில் அழைத்தவர் பாதிக்கப்பட்டவர், துப்பாக்கியோடு கிளம்பிப் போனவர் சந்தேகத்துக்குரியவர் என்று போலீஸ் தொடங்குவது மனித இயல்பு. ஆபத்து விலகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாமும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர்தான் இரவு கதவு தட்டப்படும்போது திகைக்கிறார். அழைத்தவுடன் என்ன சொல்வது? எங்கே இருக்கிறேன், யார் என்னைத் தாக்க வந்தார், நான் ஆயுதத்தைக் காட்டி நிறுத்தினேன், எனக்கு உதவி வேண்டும். விவரமான வாக்குமூலத்துக்கு வழக்கறிஞர் வரட்டும்.

தற்காப்புக்காகத்தான் காட்டினேன் என்று சொல்பவர்கள் சொல்வதெல்லாம் சரியா? ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ஹெமன்வேயும் சகாக்களும் ஒரு சுவையான வேலை செய்தார்கள். தற்காப்புக்குத் துப்பாக்கி எடுத்ததாகக் கணக்கெடுப்பில் சொன்னவர்களின் கதைகளை, அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே குற்றவியல் நீதிபதிகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சொன்னவர் சொன்னது முழு உண்மை, துப்பாக்கியும் உரிமம் பெற்றது என்று வைத்துக்கொண்டாலும், பாதிக்கும் மேற்பட்ட சம்பவங்கள் சட்டவிரோதமாக இருக்கக்கூடும் என்று நீதிபதிகளில் பெரும்பான்மையினர் சொன்னார்கள். கதையைச் சொன்ன ஒவ்வொருவரும் தன்னை நல்லவராகத்தான் நினைத்திருப்பார். அவரவர் தரப்பில் கேட்டால் தெருச் சண்டை எல்லாமே தற்காப்புதான்.

செயின்ட் லூயிஸ் தம்பதியின் வழக்கு சட்டக் கேள்விக்கு விடை தராமலே முடிந்தது. சுலபமாக உயிரைப் பறிக்கும் நிலையில் உள்ள ஆயுதம் என்பது மிசௌரி சட்டத்தின் வாசகம். மனைவியின் கைத்துப்பாக்கி சுடும் நிலையிலேயே இல்லை, பழைய வழக்கு ஒன்றில் காட்சிப்பொருளாகப் பயன்பட்டது என்றது அவர்கள் தரப்பு. வழக்கைச் சொல்லித் தேர்தல் நிதி திரட்டினார் என்று கார்ட்னரை நீதிபதி விலக்கிவிட்டார். 2021 ஜூனில் இருவரும் சிறுகுற்றங்களை ஒப்புக்கொண்டு 750 டாலர், 2,000 டாலர் அபராதம் கட்டித் துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டார்கள். நீதிமன்ற வாசலிலேயே, மறுபடியும் அப்படித்தான் செய்வேன் என்றார் கணவர். ஆளுநர் மைக் பார்சன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கிவிட்டதாக ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அரசியல் செல்வாக்கும் பணமும் சட்ட அறிவும் இருந்தவர்களுக்கு இது ஓராண்டுத் தலைவலி. மற்றவர்களுக்கு அப்படி முடிவதில்லை.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம் என்பதைக் கேட்டு, எச்1பி விசாவில் இருப்பவர் நமக்கும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அவர் அதைக் காட்டியது தற்காப்பே என்று தீர்ப்பானாலும், வைத்திருந்தது தனிக் குற்றமாக நிற்கும். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை உள்ளவர் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டை விட்டு அனுப்பப்படலாம். பத்து வருடம், இருபது வருடம் அங்கே வாழ்ந்திருந்தாலும் சரி. இதில் மோசமான பொறி, சிறையே இல்லாமல் வெறும் அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பு நீட்டும் ஒப்பந்தம். குடிமகனுக்கு அது லாபம். குடியுரிமை இல்லாதவருக்கு அதே கையெழுத்து விமானச் சீட்டாகிவிடலாம். 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாற்பது ஆண்டு அங்கே வாழ்ந்த, அமெரிக்க ராணுவத்தில் வியட்நாமில் பணியாற்றிய ஹோண்டுராஸ்காரர் ஒருவரின் வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வருமா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் சொல்லவில்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நாமே கேட்டுவிட வேண்டும்.